பெரட்டுப் புத்தகமும் ஞாயிற்றுப் பக்கமும்

மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் பெயர் நாள்தோறும் ஏறிய முதல் புத்தகம் பெரட்டுப் புத்தகம். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, இன்னார் இன்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்பும் வழக்கத்தையே தோட்டத்துத் தமிழ் பெரட்டு என்றது. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் உருமாறி நிலைத்த வடிவம் அது. பெரட்டில் வந்து நின்றவரின் பெயருக்கு நேரே கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒரு கோடு கிழிப்பார். வராதவருக்குக் கோடு இல்லை, கோடு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. எழுத்து என்பது தன்னைப் பற்றி வேறொருவர் எழுதிவைப்பது, எழுதியதைத் தான் படித்துப் பார்க்க முடியாது, ஆனால் மாதக் கடைசியில் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நிலையில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்த சமூகத்திலிருந்து, எழுத வேண்டும் என்ற ஆசை எப்படிப் புறப்பட்டது, புறப்பட்ட ஆசை எதைப் பிடித்துக்கொண்டு அச்சு வரை போய்ச் சேர்ந்தது என்பதை ஆராய, பகாங் மாநிலத்துக் கேமரன்மலையின் வடபகுதியில் உள்ள திரிங்காப் வசதியான ஓர் இடம். அங்கிருந்து பெருநூல்கள் பல எழுந்தன என்பது அதற்குக் காரணமன்று. அவ்வாறு எழாமல் போனதற்கான காரணங்கள் அங்கே தெளிவாகத் தெரிகின்றன என்பதே காரணம்.

திரிங்காப் இன்று தேயிலையைவிடக் காய்கறிக்கே பெயர் பெற்றது. பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி வடக்கே செல்லும் சாலையில் கியா ஃபார்ம் கடந்ததும் மலைச்சரிவெங்கும் நெகிழிக் கூரையிட்ட தோட்டங்கள் தென்படத் தொடங்குகின்றன. அவற்றின் நடுவில் கடைவீதியோடு அமைந்த சிற்றூர் அது. தேயிலை அதன் இருபுறமும் இருக்கிறது: தெற்கே பிரிஞ்சாங்கை ஒட்டிச் சுங்கை பாலாஸ் தோட்டம், வடக்கே கம்போங் ராஜா பக்கம் புளூ வேலித் தோட்டம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர், இலங்கையில் தேயிலைப் பயிரில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைச்சாலை 1931 அளவில் முடிந்தது. 1933இல் இந்திய வணிகக் குடும்பம் ஒன்று பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது.

இலங்கை அனுபவத்தோடு தேயிலைத் தொழிலின் சொற்களும் மலையேறின. தளிர் இலையைக் கொழுந்து என்பதும், செடி மரமாக வளர்ந்துவிடாமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்பதும் கண்டி, நுவரெலியா, நீலகிரி, கேமரன்மலை எங்கும் உள்ள தேயிலைத் தமிழுக்குப் பொதுவானவை. ஆட்கள் வந்த வழியும் பொதுவானதே. தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டிக் கொண்டுவந்து, பிறகு அவர்களுக்கே மேற்பார்வையாளராகவும் கடன் கொடுப்பவராகவும் இருந்தவர் கங்காணி. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அந்த முறையே தோட்டங்களுக்கு ஆள் தந்தது. மலைத்தேயிலை தொடங்கியது 1929இல், கதவு சாத்தப்பட்டது 1938இல் என்பதைக் கவனித்தால், ரப்பர்த் தோட்டங்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பெற்ற ஆள்வரத்தைக் கேமரன்மலை ஒன்பதே ஆண்டுகள்தான் பெற்றது என்பது விளங்கும். இந்தக் கணக்கு பின்னால் மறுபடியும் தேவைப்படும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்பது இங்கே பயன் தரும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி முதுகுக் கூடையில் எறிந்த பெண்கள், நாளில் இரண்டு மூன்று முறை கூடையை இறக்கித் தராசுக்கு முன் வரிசை கட்டுவார்கள். இலையில் ஒட்டிய ஈரத்துக்கும் கூடையின் எடைக்கும் கழிவு போட்ட பின் எஞ்சிய ராத்தலை (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) கணக்கர் புத்தகத்தில் எழுதுவார். சுமார் ஐந்து ராத்தல் பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்த பிறகே ஒரு ராத்தல் தூளாகும். தராசு முள் எங்கே நின்றது என்பதைக் கூடைக்காரி பார்த்தாள். புத்தகத்தில் எழுதப்பட்ட எண் அதுதானா என்பதைப் படித்தறிய அவளுக்கு எழுத்து தெரியாது. தோட்டத்தில் பிறந்தவர்கள் எழுதிய கதைகளிலெல்லாம் கிராணியும் கணக்கும் தராசும் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த இடமே ஊற்று. எழுதக் கற்க வேண்டும் என்ற முதல் உந்துதல் இலக்கிய ஆர்வத்திலிருந்து வரவில்லை, ஏமாறாமல் இருக்கும் தேவையிலிருந்து வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இரண்டாவது உந்துதல் கடிதம். ஊரில் விட்டுவந்த தாய்க்கும் தம்பிக்கும் காசு அனுப்புகிறவர் கூடவே நான்கு வரியும் அனுப்ப வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்த ஒருவரின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து சொல்ல, மற்றவர் எழுதினார். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்ற வாய்பாட்டுக்குள் ஒருவருடைய சாவையும் இன்னொருவருடைய கடனையும் மூன்றாமவரின் கலியாணத்தையும் அடக்கிக் காட்ட வேண்டியிருந்த அந்தக் கடிதம் எழுதுபவர், தம்மை எழுத்தாளர் என்று நினைத்திருக்க மாட்டார். ஆனால் பிறர் வாழ்க்கையைக் காதால் வாங்கி, வேண்டியதை வைத்து, வேண்டாததை விட்டு, எங்கோ இருக்கும் வாசகருக்குப் புரியும்படி ஒரு தாளில் இறக்குவதைவிடக் கதைக்கலை வேறென்ன? தோட்டத்தின் முதல் எழுத்துப் பயிற்சி இதுவே. இந்தப் பணி பெரும்பாலும் பள்ளி ஆசிரியரிடமோ கிராணியிடமோ வந்து சேர்ந்தது. பிற்காலத்து மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் பெரும்பகுதியினர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகவே இருந்ததும் தற்செயலன்று.

அந்தப் பள்ளிகள் சட்டத்தின் கட்டாயத்தால் வந்தவை. மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியின் தமிழ் வகுப்போடு தொடங்கியது என்றாலும், தோட்டங்களுக்கு அது பரவலாக வந்து சேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அதைத் தொடர்ந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தன. விதித்ததைக் குறைந்த செலவில் முடித்துக்கொள்ள நிர்வாகங்கள் கண்ட வழி, ஒரு கொட்டகையும், ஓரளவு படித்த கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருக்கும் ஏற்பாடும்தான். பிள்ளைகள் பெயர் எழுதவும் கூட்டல் கழித்தல் போடவும் தெரிந்துகொண்டு, கை முதிர்ந்ததும் வேலைக்குப் போனார்கள். எளிதில் இகழ்ந்துவிடக்கூடிய கல்விதான் அது. ஆனாலும் அச்சடித்த தமிழ்த் தாளை எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய ஒரு தலைமுறையை அது உண்டாக்கிவிட்டது. படிக்கத் தாள் வேண்டும் என்ற நிலை அதன்பின் தானாக வந்தது.

தாள் வந்தது 1924இல். அவ்வாண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கையில் கோ. நடேசய்யர் தேசபக்தனைத் தொடங்கினார். தோட்டத் தமிழர் வாழ்ந்த இரு நாடுகளிலும் ஒரே ஆண்டில் இரு பத்திரிகைகள் பிறந்தது வியப்புக்குரிய ஒற்றுமை. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியபோது, தோட்டத்துக்குள் சீர்திருத்தக் கருத்துகளும் உடன் நுழைந்தன. ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பது அக்காலத்துப் பத்திரிகை வாசிப்பின் வடிவமாக இருந்ததால், விற்ற படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாசகர் தொகையை அளக்க முடியாது. பத்திரிகையின் வலிமையைத் துரைமார், அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்கள், சீக்கிரமே உணர்ந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தை உலுக்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தலைவராக இருந்த ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றியவர். அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பேச்சுரிமை, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயத்தை ஒழித்தல் ஆகியவையும் அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளாக இருந்தன என்பது, கூலிக் கணக்கைத் தாண்டிய ஒரு மனம் உருவாகிவிட்டதைக் காட்டுகிறது.

இத்தனைக்கும் நடுவில் மலாயாவில் தமிழ்ப் புனைகதை இல்லாமல் இல்லை. க. வெங்கடரத்தினத்தின் கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி என்ற நாவல் 1917இலும், வே. சின்னையாவின் நவரச கதா மஞ்சரி என்ற சிறுகதைத் தொகுதி 1930இலும் வெளிவந்தன. அவை முன்னோடிகள் என்ற மதிப்புக்கு உரியவை. ஆனால் பெரட்டில் நின்றவருடைய எழுத்து அவற்றில் இல்லை. அது வருவதற்கு ஜப்பானியர் ஆட்சியும், அவர்கள் தொழிலாளரை இழுத்துச் சென்று அமைத்த சயாம் ரயில்பாதையின் சாவுகளும் கடந்து 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டில் தமிழ் நேசனின் ஞாயிறு இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து கதை வகுப்பு என்ற பகுதியைத் தொடங்கினார்கள். பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது: சிறுகதை என்றால் என்ன, அதை எங்கே தொடங்குவது, பாத்திரங்களை எப்படிப் பேசவைப்பது என்று பத்திரிகைப் பக்கத்திலேயே பாடம் நடத்தி, வாசகர்களை எழுதி அனுப்பச் சொல்லி, வந்தவற்றை மதிப்பிட்டுத் தரம் பிரித்துக் காட்டிய அஞ்சல்வழிப் பள்ளி அது. ஐம்பதுகளில் எழுத வந்த பலருக்கு அதுவே வாசலாக இருந்தது. இன்றைய கண்ணோட்டத்தில், எழுத்தைப் பாடமாக நடத்த முடியுமா, எழுத்தாளருக்குத் தரச்சீட்டு கொடுக்கலாமா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது, ஆனால் அது இடம் மாறிக் கேட்கப்படுகிறது. பெரட்டுப் புத்தகத்தில் ஒரு கோடாக மட்டுமே பதிவான ஒருவருக்கு, நீர் எழுதியதைப் படித்தோம், மூன்றாம் பத்தி வேண்டாம், முடிவை மாற்றும், அடுத்ததை அனுப்பும் என்று தலைநகரிலிருந்து ஒரு பத்திரிகை பதில் சொல்வது எத்தகைய நிகழ்ச்சி என்பதை எண்ணிப் பார்த்தால், கதை வகுப்பு கற்பித்த உத்திகளைவிட அது காட்டிய கவனமே பெரிது என்பது புலப்படும். அந்த வகுப்பில் எழுதப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை இன்று படிக்கத் தக்கவை அல்ல. இதை அவற்றை எழுதியவர்களே அறிந்திருந்தார்கள். அறிந்தும் அடுத்ததை எழுதினார்கள்.

1952இல் தமிழ் நேசனின் பொறுப்பை ஏற்க வந்த கு. அழகிரிசாமி 1957 வரை மலாயாவில் இருந்தார். தமிழ்நாட்டில் சிறுகதையாசிரியராகப் பெயர் நாட்டியிருந்த அவர், இலக்கிய வட்டம் என்ற பெயரில் எழுதுகிறவர்களைக் கூட்டி, எழுதியவற்றைப் படிக்கச் செய்து பேசவைத்தார். வகுப்பு வாயிலைத் திறந்தது என்றால், வட்டம் உள்ளே வந்தவர்களுக்கு அளவுகோலைக் காட்டியது எனலாம். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி சிறுவர்களை எழுதவைத்தது. அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கு ஆதரவு திரட்டச் சாரங்கபாணி தொடங்கிய தமிழ் எங்கள் உயிர் நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளி (டாலர்) என்று கூலித் தொழிலாளரும் கொடுத்தார்கள். தன் பிள்ளை என்றும் நுழையாமல் போகக்கூடிய ஒரு பல்கலைக்கழகத்துக்குப் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கை ஒரு வெள்ளி கொடுத்ததை உணர்ச்சிப் பெருக்கு என்று தள்ளிவிட முடியாது. எழுத்து இனித் தம்முடையது என்ற உரிமையுணர்வு அதில் இருக்கிறது.

எழுதும் நேரம் என்ற ஒன்று இவர்களுக்கு எங்கே கிடைத்தது என்பதும் வரலாற்றுக்குரிய கேள்விதான். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப், அஞ்சல் துறை வேலைக்குப் புறப்படுமுன் விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு இருநூற்றைம்பது சொல் என்ற கணக்கில் எழுதினார் என்பது எழுத விரும்புவோருக்கு அடிக்கடி சொல்லப்படும் செய்தி. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்குச் சொந்தமானது. மாலையில் உடல் ஓய்ந்தது. பல தோட்டங்களில் எஞ்சின் மின்சாரம் இரவில் குறிப்பிட்ட நேரத்தோடு நின்றுவிடும், அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான். லயம் எனப்படும் தொடர்வீட்டில், ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் பேசுவது கேட்டபடி, மடியில் பலகை வைத்துத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி விட்டு எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டு, எந்த ஞாயிற்றுக்கிழமையில் வருமோ என்று பார்த்திருப்பதே எழுத்து வாழ்க்கையாக இருந்தது. பெண்களுக்கு அந்த நேரமும் அடுப்படியிலும் பிள்ளையிடமும் போயிற்று. கமலாட்சி ஆறுமுகம், ந. மகேஸ்வரி, க. பாக்கியம், பாவை என்று பெண் எழுத்தாளர்கள் இந்த நாட்டில் தொடர்ந்து எழுதிவந்ததை மதிப்பிடும்போது, பக்கங்களின் தொகையோடு அந்தப் பக்கங்களுக்கு விலையாகக் கொடுத்த உறக்கத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

1962இல் தமிழ் எழுத்தாளர் சங்கம் தோன்றிய பிறகு, பத்திரிகையின் இடத்தைச் சங்கமும் பரிசும் பகிர்ந்துகொண்டன. சிறந்த கதைக்குப் பவுன் கொடுத்த தமிழ் நேசனின் பவுன் பரிசுத் திட்டம், 1986இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி, அதன் விளைவாக வந்த பேரவைக் கதைகள் தொகுதிகள் எல்லாம் இந்த வரிசையைச் சேர்ந்தவை. போட்டியால் இலக்கியம் வளருமா என்று மலேசியத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். போட்டி சில தீமைகளைச் செய்தது: நடுவருக்குப் பிடித்த கருத்தை முடிவில் ஒட்டிவைக்கும் பழக்கத்தை வளர்த்தது, சில பக்கங்களுக்குள் அடங்கும் சிறுகதையை ஊட்டி வளர்த்து நாவலைப் பட்டினி போட்டது. எனினும் தலைப்பு, பக்க அளவு, கடைசித் தேதி என்ற மூன்றையும் அது ஆசைக்குக் கரையாகக் கட்டிக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. கரையில்லாத ஆசை எத்தனை பேருக்குள் வற்றிப்போயிற்று என்பதை எந்தத் தொகுதியும் காட்டாது.

இலங்கையின் மலையகத்திலும் நடந்தது ஏறத்தாழ இதுவே. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். வீடற்றவன் முதலிய கதைகளைத் தமிழில் எழுதினார். எழுத்தில்லாத பெண்கள் கொழுந்து கிள்ளும்போதும் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் பாடிவந்தவற்றைத் திரட்டி மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்று நூலாக்கினார். எழுத்து வருமுன் பாட்டு இருந்தது என்பதற்கு அத்தொகுப்பே சான்று. பதுளைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, கொழும்பில் கணக்கர் வேலை பார்த்தபடியே எழுதி, 1974இல் காலங்கள் சாவதில்லை என்ற நாவலை வெளியிட்டார். வீரகேசரி நாளிதழும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் அறுபதுகளில் நடத்திய சிறுகதைப் போட்டிகளே அவருடைய தலைமுறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அப்போட்டிக் கதைகள் 1971இல் கதைக்கனிகள் என்று தொகுக்கப்பட்டன. தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒடுங்கியிருந்த தெளிவத்தை என்ற ஊர்ப்பெயர் நூல்முகப்பில் ஏறியது.

ஒரே செடி, ஒரே தொழில், ஒரே மொழி; இருந்தும் இலங்கைத் தேயிலைக்கு ஓர் இலக்கியம் வாய்த்ததுபோல் கேமரன்மலைத் தேயிலைக்கு வாய்க்கவில்லை. மலேசியத் தமிழ் நாவலில் தோட்டம் என்றாலே ரப்பர்த் தோட்டம்தான்; தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப் போன அகிலன்கூடத் தம் நாவலுக்குப் பால்மரக்காட்டினிலே என்றே பெயரிட்டார். மலைத் தொழிலாளருக்கு ஆசையோ திறனோ இல்லை என்று கருத இடமில்லை. இலங்கையில் 1867 முதல் தேயிலை பயிராகி, லட்சக்கணக்கான தமிழர்கள் அடுத்தடுத்த மலைகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். அங்கே ஒரு தோட்டத்து ஆசிரியர் மாலையில் நடந்துபோய் இன்னொரு தோட்டத்து ஆசிரியரைப் பார்த்துவர முடிந்தது. கேமரன்மலையில் தோட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆள்வரத்தும் முன்பு கண்டபடி ஒன்பதே ஆண்டுகளில் நின்றுவிட்டது. திரிங்காப்பிலிருந்து பார்த்தால் ஒரு பக்கத்துத் தேயிலைக்கும் மறுபக்கத்துத் தேயிலைக்கும் நடுவே சீனர்களின் காய்கறித் தோட்டங்களும் காடும் கிடந்தன. பத்திரிகையோ தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைச் சாலையை நம்பியிருந்தது. எழுத்துக்குத் தனிமை வேண்டும் என்பார்கள். அது எழுதும் நேரத்துத் தனிமை. எழுதியதைக் காட்ட ஆளில்லாத தனிமை எழுத்தைக் கொன்றுவிடும், திரிங்காப்பைச் சுற்றிய மலைகளில் இருந்தது அதுவே.

இந்த வரலாற்றில் கடைசியாகக் கவனிக்க வேண்டியது வயது. 1930இல் பிறந்த அ. ரெங்கசாமி தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவருடைய நாவல்கள் அறுபது வயதுக்குப் பிறகே வரிசையாக வந்தன. புதியதோர் உலகம் 1993இலும், லங்காட் நதிக்கரை, சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றிய நினைவுச் சின்னம் ஆகியவை 2005இலும், இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய இமயத் தியாகம் 2006இலும் வெளிவந்தன. ஜப்பானியர் நுழைந்தபோது அவருக்குப் பதினொரு வயது; அப்போது கண்டதையும் கேட்டதையும் எழுத ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி நிறுவனமும் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து 2000க்குப் பிறகு நடத்திய நாவல் போட்டிகளில் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர் என்பது, ஐம்பதாண்டுகளுக்கு முன் கதை வகுப்பு செய்த வேலையை இன்னொரு வடிவில் இன்னொரு நிறுவனம் செய்ததையே காட்டுகிறது. தோட்டத்துப் பின்னணியில் பிறந்து ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற முத்தம்மாள் பழனிசாமி தம் குடும்பம் கடல் கடந்து வந்த கதையை முதலில் ஆங்கிலத்திலும், பின்னர் நாடு விட்டு நாடு என்று தமிழிலும் எழுதியதும் எழுபது வயதை ஒட்டித்தான். இளமையில் எழுதாமல் போனதை இவர்களுடைய குறையாகச் சொல்பவர்கள், எழுபது வயதில் ஒருவர் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்குவதற்கு வேண்டிய துணிவை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் தாமதமாக வந்தார்கள் என்பதைவிட, பெரட்டு ஓய்ந்த பிறகே அவர்களுக்கு விடியற்காலை கிடைத்தது என்பதே பொருந்தும்.

இன்று கேமரன்மலையில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது அரிதாகிவிட்டது. பை கட்டிய கத்தரியும், இருவர் இருபுறமும் பிடித்து வரிசைமேல் இழுத்துச் செல்லும் இயந்திரமும் அந்த வேலையைச் செய்கின்றன, அவற்றைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். கதை வகுப்பு நடத்திய தமிழ் நேசன் தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2019 பிப்ரவரித் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. லயத்தில் பிறந்து, ராத்தல் கணக்கை நேரில் பார்த்து, பிறகு ஆசிரியராகவோ எழுத்தராகவோ ஓட்டுநராகவோ வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். எழுத வேண்டும் என்று ஒருகாலத்தில் நினைத்ததுண்டு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களுள்ளும் இருப்பார்கள்.

1929இல் தொடங்கிய கேமரன்மலைத் தேயிலைக்கு 2029இல் நூறு ஆண்டுகள் நிறைகின்றன. அதற்கு விழா எடுக்கவும் மலர் போடவும் நினைக்கிற சங்கங்களும் பள்ளிகளும் ஆலயக் குழுக்களும், மலருக்கு வாழ்த்துச் செய்தி கேட்டு எழுதுமுன், இந்த முதியவர்களுக்கு எழுதட்டும்: இன்ன தலைப்பு, இத்தனை பக்கம், இன்ன தேதிக்குள் அனுப்புங்கள் என்று. கை நடுங்குகிறவர்கள் வாயால் சொல்லட்டும், முன்பு கடிதம் எழுதித் தந்ததுபோலப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.